ஹம் சத்தத்துக்காக எர்த் வயரை வெட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கினால் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் பாட்டுப்பெட்டி வாங்கும் பேச்சு தொடங்கிவிடும். புது செட்டுக்குப் பணம் கொட்டாமல், வீட்டில் இருக்கும் ரிசீவரோடு (டிவி, ரேடியோ, ஸ்பீக்கர் எல்லாம் இணையும் ஆம்பிளிஃபயர் பெட்டி) தனியாக ஒரு பவர் ஆம்பிளிஃபயரை இணைத்துக்கொள்ள இப்போது பலர் விரும்புகிறார்கள். ஜப்பானிலிருந்து வரும் இரண்டாம் கைப் பொருள் ஈப்போவில் மலிவாகக் கிடைக்கிறது. ஷாப்பி, லசாடாவில் தேடினால் ஆம்பிளிஃபயர் போர்டு வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. இது நல்ல ஆசைதான், சரியாகச் செய்தால் பலனும் உண்டு. ஆனால் இணைத்த அன்றே ஸ்பீக்கரில் உம்மென்ற ‘ஹம்’ இரைச்சல் வருவதும், அதை நிறுத்த யாரோ சொன்னார்கள் என்று பிளக்கைத் திறந்து பச்சை மஞ்சள் எர்த் வயரைக் கழற்றிவிடுவதும் வழக்கமாகி வருகிறது. இது உயிரோடு விளையாடும் காரியம் என்பதால் உங்கள் நாளிதழ் வழியாக விளக்கமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், கூடுதல் ஆம்பிளிஃபயர் தேவையா என்று பார்க்க வேண்டும். 50 வாட் ஆம்பை எடுத்துவிட்டு 100 வாட் வைத்தால் ஒலி இரட்டிப்பாகும் என்று நினைக்கிறோம். உண்மையில் 3 டெசிபெல்தான் கூடும். காது கவனித்தால் தெரியும், அவ்வளவுதான். ஒலி இரண்டு மடங்கு ஆனதுபோல் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். இதே 3 டெசிபெல்லை, 86 டெசிபெல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 89 டெசிபெல் ஸ்பீக்கர் வாங்கினால் ஆம்பைத் தொடாமலே பெறலாம். ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்று காட்டும் இந்த எண் ஸ்பீக்கரின் விவரத் தாளில் இருக்கும், கடையில் கேட்டு வாங்குங்கள். தாமான் வீட்டு வரவேற்பறையில் மின்னல் எஃப்.எம். கேட்பதற்கும் வார இறுதியில் ஒரு படம் பார்ப்பதற்கும் நல்ல ரிசீவர் ஒன்றே போதும். மொசைக் தரையும் வெறும் சுவரும் எதிரொலித்துப் பாடல் வரிகளைக் குழப்புகின்றன என்றால் ஆம்பிளிஃபயர் அதைத் தீர்க்காது. தரைக்குக் கார்ப்பெட், சன்னலுக்குக் கனமான திரை என்று செலவு செய்வதுதான் பலன் தரும்.

வெளி ஆம்ப் உண்மையில் உதவும் இடங்களும் உண்டு. ஸ்பீக்கர் 4 ஓம் வகை (8 ஓமைவிட அதிக மின்னோட்டம் இழுப்பது), சத்தம் கூட்டினால் ரிசீவர் சூடாகித் தானே அணைந்துவிடுகிறது, ஹால் பெரியது, ஐந்து அல்லது ஏழு ஸ்பீக்கர் ஓடுகின்றன. பெரும்பாலான ரிசீவர்களில் ‘ஒரு சேனலுக்கு 90 வாட்’ என்று எழுதியிருப்பது இரண்டு சேனல், அதாவது இரண்டு ஸ்பீக்கர், மட்டும் ஓடும்போது அளந்தது. ஏழும் ஒரே நேரத்தில் முழு சக்தி கேட்டால் உள்ளே இருக்கும் ஒரே மின்சப்ளை அதைப் பங்கு போட வேண்டும், வாட் இறங்கிவிடும். முன்பக்க இடது, வலது ஸ்பீக்கர்களை மட்டும் வெளி ஆம்புக்கு மாற்றினால் ரிசீவரின் சுமை குறைந்து மற்ற ஸ்பீக்கர்களுக்கும் மூச்சு கிடைக்கும். எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை.

வாட் கணக்கில் ஏமாற வழிகள் பல. பி.எம்.பி.ஓ. (கண்ணிமைக்கும் நேர உச்ச வாட்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் எண்ணைப் பார்க்கவே வேண்டாம். பின்பக்கத் தகட்டில் கருவி சுவரிலிருந்து இழுக்கும் வாட் எழுதியிருக்கும். 60 வாட் இழுக்கும் பெட்டி தொடர்ந்து 500 வாட் வெளியே தராது. இணையத்தில் விற்கும் டி.பி.ஏ.3116 சிப் போர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘2 × 50 வாட்’ என்பது பொய் இல்லை, ஆனால் அது 21 வோல்ட் மின்சாரத்தில், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சொன்ன கணக்கு. அதே போர்டுக்கு வீட்டில் கிடக்கும் 12 வோல்ட் அடாப்டரை மாட்டி 8 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால், ஒலி உடையாமல் கிடைப்பது சேனலுக்கு 9 வாட்தான். இன்னொன்று: இந்த வகைப் போர்டில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் சிக்னல் ஓடுகிறது. இடது வலது கறுப்பு முனைகளை ஒன்றாகக் கட்டினாலோ எர்த்தோடு சேர்த்தாலோ சிப் போய்விடும்.

இனி இணைப்பு. ப்ரீஆம்ப் என்பது எந்தக் கருவியின் சிக்னல் வேண்டும் என்று தேர்ந்தெடுத்து, வால்யூமும் பாஸ் ட்ரெபிளும் சரிசெய்து, ஒன்று இரண்டு வோல்ட் அளவில் அனுப்பி வைக்கும் பகுதி. பவர் ஆம்ப் அதை இருபது முப்பது மடங்கு பெருக்கி ஸ்பீக்கரை அசைக்கும் பகுதி. உங்கள் ரிசீவருக்குள் இரண்டுமே இருக்கின்றன. வெளியே பவர் ஆம்ப் வைக்க வேண்டுமானால் ரிசீவரின் பின்பக்கம் ‘ப்ரீ அவுட்’ என்று எழுதிய ஆர்.சி.ஏ. துளைகள் (சிவப்பு, வெள்ளை ஆடியோ கேபிள் சொருகும் வட்டத் துளைகள்) வேண்டும். சப்வூஃபருக்கான ஒரு துளை ஏறக்குறைய எல்லா மாடலிலும் இருக்கும். முன் ஸ்பீக்கர்களுக்கானது பெரும்பாலும் நடுத்தர விலைக்கு மேல்தான் வரும். வாங்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ப்ரீ அவுட் இல்லை என்றால், ஸ்பீக்கர் முனையிலிருந்து வயர் இழுத்து இன்னொரு ஆம்பின் ஆக்ஸ் (வெளிக்கருவி இணைக்கும்) துளையில் சொருகிவிடுகிறார்கள். ஸ்பீக்கர் முனையில் 20, 30 வோல்ட் வரை வரும். ஆக்ஸ் எதிர்பார்ப்பது ஒன்று இரண்டு வோல்ட். உள்பகுதி கருகும், இல்லையென்றால் ஒலி நாராசமாக உடையும். இதற்கென்று ஹை-லோ கன்வெர்ட்டர் என்ற சிறு பெட்டி கார் ஆடியோ கடையில் கிடைக்கிறது. அவசரத்துக்கு அது ஆகும், ஒலித்தரம் சுமாராகத்தான் இருக்கும்.

பழைய ஸ்டீரியோ ஆம்பிளிஃபயரைப் பவர் ஆம்பாகப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகப் பயன்படுத்தலாம். பின்பக்கம் ‘ப்ரீ அவுட்’, ‘மெயின் இன்’ என்று இரண்டு ஜோடித் துளைகளை வளைந்த கம்பித் துண்டுகள் இணைத்திருந்தால், அந்தக் கம்பிகளைப் பிடுங்கிவிட்டு ரிசீவரிலிருந்து வரும் கேபிளை ‘மெயின் இன்’னில் சொருகுங்கள். பிடுங்கிய கம்பிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஆம்பின் அடியிலேயே டேப் போட்டு ஒட்டிவையுங்கள். அவை தொலைந்தால் அந்த ஆம்பைத் தனியாக ஓட்டும்போது சத்தமே வராது. மெயின் இன் இல்லையென்றால் ஆக்ஸ் அல்லது சிடி துளை போதும். பாஸ், ட்ரெபிள் குமிழ்களை நடுவில் நிறுத்தி, லவுட்னெஸ் பொத்தானை அணைத்து, வால்யூமை ஓர் இடத்தில் வைத்து, அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். அதன்பின் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ரிசீவரில் மட்டும்தான். ‘போனோ’ என்று எழுதிய துளையில் மட்டும் எந்தக் காலத்திலும் இதைச் சொருகக் கூடாது. அது இசைத்தட்டு ஊசியின் 5 மில்லிவோல்ட் அளவுக்காக ஏற்பட்டது. சிக்னலை நூறு மடங்கு பெருக்குவதோடு பாஸையும் தூக்கிவிடும்.

இணைத்தபின் பெருக்கத்தின் அளவைப் பொருத்துவது முக்கியம், இதைத்தான் யாரும் செய்வதில்லை. பவர் ஆம்பின் விவரத்தில் கெய்ன் 29 டெசிபெல் என்றிருந்தால் 28 மடங்கு பெருக்கும் என்று பொருள். 1 வோல்ட் உள்ளே போனால் 28 வோல்ட் வெளியே வரும், 8 ஓம் ஸ்பீக்கரில் அது 100 வாட். பொதுவாக ரிசீவரின் ப்ரீ அவுட் 1 வோல்ட்டைச் சுத்தமாகத் தரும் என்பதால் இந்த ஜோடி பொருந்தும். கெய்ன் அதற்குமேல் அதிகமானால் பாட்டு இல்லாத நேரத்திலும் ஸ்பீக்கரில் ஸ்ஸ் என்ற இரைச்சல் கேட்கும், வால்யூமைச் சற்றுத் தொட்டாலே வீடு அதிரும். குறைந்தால் ரிசீவரைக் கடைசிவரை திருப்பியும் சத்தம் பற்றாது. ஆம்பில் கெய்ன் குமிழ் இருந்தால் முதலில் முழுவதும் இறக்கிவிட்டு, ரிசீவரில் நீங்கள் வழக்கமாகச் சத்தமாகக் கேட்கும் அளவை வைத்து, பின் ஆம்பின் குமிழை மெதுவாக ஏற்றிக்கொண்டு வாருங்கள். அடுத்து ரிசீவரோடு வந்த சிறு மைக்கை உட்காரும் இடத்தில் வைத்து, யமஹாவில் ஒய்.பி.ஏ.ஓ., டெனானில் ஆடிசி என்று சொல்லப்படும் தானியங்கி அளவீட்டை மறுபடியும் ஓட்ட வேண்டும். பழைய அளவீடு உள்ளே இருந்த ஆம்புக்கானது. ஓட்டி முடித்ததும் திரையில் முன் ஸ்பீக்கர்களின் அளவைப் பாருங்கள். கழித்தல் 10, கழித்தல் 12 என்று எல்லைக்கே இறங்கியிருந்தால் ஆம்பின் கெய்னைக் குறைத்துவிட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள்.

கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி போடுபவர்கள் கழித்துவிடும் பி.ஏ. ஆம்பிளிஃபயரை வீட்டுக்குக் கொண்டுவருபவர்களும் உண்டு. வாட் நிறையக் கிடைக்கும், ஆனால் உள்ளே இருக்கும் விசிறி அமைதியான பாட்டின் இடையே கேட்டுக்கொண்டே இருக்கும். அதன் மூன்று பின் கொண்ட எக்ஸ்.எல்.ஆர். துளைக்கு ஆர்.சி.ஏ. கேபிள் செய்யும்போது நடுக்கம்பி 2ஆம் பின்னுக்குப் போக வேண்டும். 3ஆம் பின்னை 1ஆம் பின்னோடு சேர்த்து, நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் வெளிவலையில் இணைக்க வேண்டும். 3ஐச் சும்மா விட்டால் ஒலி குறையும், ஹம் ஏறும்.

அந்த ஹம் சத்தத்துக்கு வருவோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அடித்தொண்டையில் உம்மென்று ஒரே சீராக வருவது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ். கருவிகளின் எர்த் ஒன்றுக்கு மேற்பட்ட பாதையில் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். சற்று மேல்சுருதியில் கரகரப்பாக வருவது 100 ஹெர்ட்ஸ். ஆம்பின் உள்ளே மின்னோட்டத்தைச் சமப்படுத்தும் பெரிய கெப்பாசிட்டர்கள் பழசாகிவிட்டதைச் சந்தேகிக்கலாம். எது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், பொறுமை போதும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆர்.சி.ஏ. கேபிள்களைப் பவர் ஆம்பிலிருந்து கழற்றுங்கள். ஆம்பும் ஸ்பீக்கரும் மட்டும் இருக்க, ஆம்பைப் போடுங்கள். அப்போதும் ஹம் இருந்தால் கோளாறு ஆம்புக்குள். அதைத் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள், அந்தப் பெரிய கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும். அமைதியாக இருந்தால் ஆம்பை அணைத்து, ரிசீவரை மட்டும் இணைத்து, டிவியின் எச்.டி.எம்.ஐ., ஆஸ்ட்ரோ டிஷ் கேபிள், மைடிவி ஏரியல், இணையக் கேபிள் எதுவும் இல்லாமல் போட்டுப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சொருகியதும் உம் என்கிறதோ அதுதான் காரணம். கூரைமேல் இருந்து இறங்கும் டிஷ் கேபிளும் ஏரியல் கேபிளும்தான் பல வீடுகளில் இந்த வளையத்தை உண்டாக்குகின்றன.

முதல் மருந்து, ரிசீவர், ஆம்ப், டிவி, டிகோடர் அனைத்தையும் ஒரே சுவர் சாக்கெட்டில் இருந்து ஒரே நல்ல எக்ஸ்டென்ஷனில் ஓட்டுவது. பாதிக்கு மேற்பட்ட தொல்லை அதிலேயே அடங்கலாம். ஏரியல் கேபிள்தான் காரணம் என்றால் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கால்வானிக் ஐசொலேட்டர் என்ற விரல் நீளத் துண்டை இடையில் போடலாம். டிஷ் கேபிளில் அதைப் போடாதீர்கள். டிகோடர் அந்தக் கேபிள் வழியாகத்தான் டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது, ஐசொலேட்டர் அதை அடைத்துவிட்டால் படமே வராது. அங்கே ரிசீவருக்கும் பவர் ஆம்புக்கும் இடையே ஒன்றுக்கு ஒன்று (வோல்ட்டை மாற்றாத) என்ற ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைப் போட வேண்டும். மலிவான சின்ன வகைகள் பாஸைச் சாப்பிட்டுவிடும், சப்வூஃபர் லைனில் அது நன்றாகத் தெரியும் என்பதால் கொஞ்சம் பெரிய வகையாகப் பாருங்கள்.

இவ்வளவும் செய்யாமல் எர்த்தை வெட்டினாலும் ஹம் நிற்கத்தான் செய்யும். அதனால்தான் இந்தப் பழக்கம் பரவுகிறது. ஆனால் நடப்பது என்ன? மூன்று பின்னோடு வரும் கனமான ஆம்பின் இரும்பு உடல் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. உள்ளே லைவ் வயர் தளர்ந்தோ, டிரான்ஸ்ஃபார்மர் காப்பு கருகியோ உடலைத் தொட்டால், மின்சாரம் எர்த் வழியே ஓடி, கசிவு கண்டால் மின்சாரத்தை வெட்டும் ஆர்.சி.சி.பி. சுவிட்சைத் தட்டிவிடும், பிளக்கின் ஃபியூஸ் எரியும். எர்த் இல்லையென்றால் போக வழியில்லாமல் 230 வோல்ட் ஆம்பின் உடலில் நிற்கும். ஆர்.சி.ஏ. கேபிளின் வெளிவலை வழியாக அது ரிசீவருக்கும் அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக டிவிக்கும் போகும். எல்லாக் கருவிகளும் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று ஒருவர் வால்யூம் குமிழைத் தொடும் நேரத்தில் அவர் உடலே எர்த் ஆகிவிடும். வீட்டு மெயின் பெட்டியில் இருக்கும் ஆர்.சி.சி.பி. 100 மில்லிஆம்பியர் வகையானால் அது காப்பாற்றும் என்று நம்ப முடியாது. உடலைக் காக்கும் அளவு 30 மில்லிஆம்பியர். மின்னல் பாய்ச்சலைத் தடுக்க வாங்கிய சர்ஜ் புரொடெக்டரும் எர்த் இல்லாவிட்டால் பாதி வேலைதான் செய்யும். இரண்டு சதுரம், ஒன்றுக்குள் ஒன்று என்ற குறி பின்பக்கம் இருக்கும் கருவி மட்டுமே இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் இல்லாமலே பாதுகாப்பாக ஓட வடிவமைத்தது. அந்தக் குறி இல்லாத, மூன்று பின் உள்ள எந்தக் கருவியிலும் பச்சை மஞ்சள் வயரைத் தொடாதீர்கள்.

பழைய லயத்து வீடுகளிலும், பின்னால் கூட்டிக் கட்டிய அறைகளிலும் சாக்கெட்டில் மூன்று துளை இருந்தும் எர்த் வயர் மெயின் பெட்டிவரை போகாமல் இருக்கலாம். ஆம்பின் உடலை விரல் முதுகால் தடவும்போது விறுவிறு என்று கூசினால் அது ஓர் எச்சரிக்கை. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஜப்பான் பொருளில் கவனிக்க வேண்டியது வோல்ட். பின்பக்கம் 100 வோல்ட் என்று இருக்கும் ஆம்பை நேரே நம் சாக்கெட்டில் சொருகினால் நொடியில் போய்விடும். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் ஆம்ப் இழுக்கும் வாட்டைப்போல் ஒன்றரை மடங்காவது தாங்கும் அளவில். 110 வோல்ட் என்று விற்பதை 100 வோல்ட் ஆம்புக்கு வாங்காதீர்கள், 10 விழுக்காடு அதிக வோல்ட் என்றென்றும் அதைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். ஜப்பானின் கிழக்குப் பகுதியிலும் 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் அந்த ஆம்புகளுக்கு நம் மின்சாரத்தின் அதிர்வெண் ஒத்துக்கொள்ளும். அமெரிக்காவுக்கென்றே செய்த 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் ஆம்புகள் இங்கே கூடுதலாகச் சூடாகலாம். மலிவான ஸ்டெப்டவுன் பெட்டிகள் பல ஒரே சுருள் கொண்டவை. வோல்ட்டைக் குறைக்குமே தவிர சுவர் மின்சாரத்திலிருந்து கருவியைப் பிரிக்காது. இரண்டு சுருள் உள்ளதா, வெளித்துளையில் எர்த் உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

ஸ்பீக்கர் வயருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 5 மீட்டருக்குள் 1.5 சதுர மில்லிமீட்டர், 10 மீட்டர்வரை 2.5, அசல் செம்பு. கத்தியால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு; மின்தடை அதிகம். முனையில் ஓர் இழைகூடப் பக்கத்து முனையைத் தொடக்கூடாது, ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும்.

போடும்போது ரிசீவர் முதலில், பவர் ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் ரிசீவர் விழிக்கும்போது வரும் மின்துடிப்பு பெருகிப் போய் ஸ்பீக்கரில் டும் என்று அடிக்கும், வூஃபர் பாழாகும். இரண்டிலும் ‘12 வோல்ட் ட்ரிகர்’ துளை இருந்தால் ஒரு 3.5 மில்லிமீட்டர் மோனோ கேபிள் போட்டுவிடுங்கள், ஒழுங்கு தானே நடக்கும். ஆம்பின் மேல் பூவேலைத் துணி விரிப்பதை நிறுத்துங்கள்; மேலே 10 சென்டிமீட்டராவது காற்று ஓட வேண்டும். அந்த இளஞ்சூட்டுக்குப் பல்லி வந்து உள்ளே போய் போர்டில் ஷார்ட் ஆகிச் சாவதும், ஆம்பைக் கொன்றுவிட்டுச் சாவதும் நம் ஊரில் சாதாரணம். காற்றுத் துளைகளில் மெல்லிய நைலான் வலை ஒட்டினால் பல்லி நுழையாது. மாதம் ஒருமுறை தூசியைத் தட்டுங்கள். மதிய வேளையில் இடி கிளம்பினால் சுவர்ப் பிளக்கோடு நிறுத்தாமல் டிஷ், ஏரியல், இணையக் கேபிள் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது மின்னலுக்குத் தடையாகாது.

இரண்டாம் கை ஆம்ப் விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பில்லிலேயே நான்கு விவரம் எழுதிக் கொடுங்கள்: இயங்கும் வோல்ட், 8 ஓமில் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரும்) வாட், கெய்ன் அல்லது முழு ஒலிக்குத் தேவையான உள்வோல்ட், எர்த் பின்னிலிருந்து உடல்வரை மல்டிமீட்டரில் காட்டும் ஓம். கடைசி எண் ஓர் ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். சுவரில் சொருகாமலே மல்டிமீட்டரில் இதைப் பார்த்துவிடலாம், ஒரு நிமிட வேலைதான். வாங்குபவர்களும் அதைப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒலிக்கருவி பழுதுபார்ப்பவர்,
சுங்கை சிப்புட், பேராக்.